சாய்ந்த கொட்டை எழுத்தும் என் தங்கையின் டிபன் பெட்டியும்

பாப்பா, நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பிய லோகோவைப் பார்த்தேன். "ஸ்பீடா தெரியுதாக்கா?" என்று கேட்டிருந்தாய். தெரிகிறது. டவுன் பஸ்ஸில் சடன் பிரேக் போட்டதும் கம்பியைப் பிடிக்காத ஆட்கள் முன்னால் சாய்வார்களே, அந்த மாதிரி உன் எழுத்துகள் நிற்கின்றன. அதில் ஒரு எழுத்தின் புள்ளி பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது, கவனித்தாயா?

கோபப்படாதே. உன் யோசனையில் தப்பில்லை, செய்த விதத்தில்தான். வீட்டில் சமைத்த டிபனை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழிலுக்குத் தடித்த சாய்வெழுத்து நன்றாகவே பொருந்தும். நான் சிவகாசியில் 18 வருஷம் அச்சகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத்துகளைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பிழைத்தவள். நான் கெடுத்த வேலைகளும் உண்டு. ஒன்றைப் பிறகு சொல்கிறேன். போர்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. உன் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, அது முதலில் பதிவாகட்டும். உதாரணத்துக்குச் 'சுடச்சுட' என்ற சொல்லை வைத்துக்கொள்கிறேன்.

நீ பிடித்திருக்கிற எழுத்துக்கு மூன்று குணம். ஒன்று தடிமன், நாம் கொட்டை எழுத்து என்போம். இரண்டாவது வலப்பக்கச் சாய்வு. மூன்றாவது, கோடு முடிகிற இடத்தில் குட்டிப் பாதம் வைக்காமல் மொட்டையாக முடிவது. டிசைன் ஆட்கள் சான்ஸ் செரிஃப் என்பது இதைத்தான். மூன்றும் ஒரே வீட்டில் பிறந்தவை இல்லை. வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சுக்காரர் 1501-இல் ஒரு முழுப் புத்தகத்தையே சாய்வெழுத்தில் அச்சடித்தார். அச்சை வெட்டிக் கொடுத்தவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அது கைக்கு அடக்கமான சின்னப் புத்தகம். எழுத்தும் படித்தவர்களின் கையெழுத்தைப் பார்த்துச் செய்த மெல்லிய எழுத்து. சத்தம் போடுகிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. மொட்டை எழுத்து அச்சுக்கு வர அதற்கப்புறம் 300 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் 1816-இல் தன் மாதிரிப் புத்தகத்தில் அதைக் காட்டினார், அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் மட்டும். சுவரில் ஒட்டுகிற விளம்பரத் தாளுக்காக எழுத்துகள் கொழுத்ததும் அந்த 19-ஆம் நூற்றாண்டில்தான்.

மூன்றும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்யூச்சுராவைப் பார். ஜெர்மனியில் பவுல் ரென்னர் வரைந்து 1927-இல் வெளிவந்த எழுத்துக் குடும்பம் அது. 1969-இல் அப்பல்லோ 11 போனவர்கள் நிலாவில் விட்டுவந்த தகட்டில் இருப்பது நிமிர்ந்த ஃப்யூச்சுரா. அமைதியாக, அளவாகப் பேசும். அதே குடும்பத்தின் தடித்த சாய்ந்த பிள்ளையை அமெரிக்க ஓவியர் பார்பரா க்ரூகர் எடுத்து, சிவப்புப் பட்டையில் வெள்ளையாகப் போட்டு, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் மேல் வைத்தார். பார்க்கிறவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்துகிற குரல் அது. நியூயார்க்கில் 1994-இல் தொடங்கிய சுப்ரீம் என்ற துணிக்கடையின் சிவப்புப் பெட்டி லோகோவும் அதே சாயல். நிமிர்ந்த ஃப்யூச்சுராவும் இந்தச் சாய்ந்ததும் ஒரு தாய் பிள்ளைகள்தான். ஒன்று கல்வெட்டு மாதிரி நிற்கிறது, இன்னொன்று தெருவில் நின்று கூப்பிடுகிறது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் உன் தெருமுனை டீக்கடையில் ஒட்டியிருக்கிற க்யூஆர் அட்டையைப் பார். யூபிஐ என்ற மூன்று எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், முடிவில் அம்பு மாதிரி முக்கோணம் வேறு. ரூபே அட்டையும் அப்படியே. விசாவும் சாய்வுதான். பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லவேண்டிய தொழில், அதனால் எழுத்தும் கிளம்பி ஓடுகிற மாதிரி இருக்கிறது. பட்டுப்புடவைக் கடைக்கு இதைப் போட்டுப் பார், வந்தவர்களைச் சீக்கிரம் கிளம்பச் சொல்கிற மாதிரி இருக்கும்.

ஆகவே முதல் கேள்வி: உன் பொருள் வாடிக்கையாளரைத் தேடி ஓடுகிறதா, ஜாடியில் உட்கார்ந்திருக்கிறதா? டிபன் ஓடுகிறது, சரி. ஆனால் அடுத்த வருஷம் ஊறுகாயும் போடப்போகிறேன் என்றாயே, அந்த லேபிளுக்கு இந்த எழுத்து வேண்டாம். ஆறு மாசம் ஊறின எலுமிச்சை எங்கே ஓடப்போகிறது?

ஒரு சொல், அதோடு நிறுத்து

நீ அனுப்பிய நோட்டீஸில் கடைப் பெயர், அதன் கீழே "வீட்டுச் சமையல்", இட்லி வடை விலை, போன் நம்பர், "முதல் நாள் இரவு 9 மணிக்குள் சொல்லவும்" எல்லாமே தடித்த சாய்வில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஒரே நேரத்தில் ஆறு பேர் மைக் பிடித்த கதை. யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

இந்த வகை எழுத்தை வரைகிறவர்களே தலைப்புக்கும் பெயருக்கும் என்றுதான் வரைகிறார்கள். பெரிய அளவில், இரண்டு மூன்று சொல்லுக்குள். கடைப் பெயரை மட்டும் சாய்த்துவிட்டு மற்றதெல்லாம் நிமிர்ந்த, மெல்லிய, சாதாரண எழுத்தில் வை. அப்போதுதான் சாய்வு சாய்வாகத் தெரியும். உணவு உரிம எண் 14 இலக்கம், எடை, தேதி, விலை இதையெல்லாம் கண்டிப்பாக நிமிர்ந்த எழுத்தில் போடு. அவை சரிபார்க்கிற விஷயங்கள். தடித்த சாய்ந்த இலக்கங்களில் 3, 6, 8 மூன்றும் சின்ன அளவில் ஒரே முகமாகிவிடும். போன் நம்பரில் ஒரு 8 தப்பினால் உன் இட்லி ஆர்டர் யாரோ ஒருவருக்குப் போகும், அவர் பாவம் காலை ஆறு மணிக்கு எழுந்து உன்னைத் திட்டுவார்.

சாய்த்த எழுத்து வேறு, சாய்வெழுத்து வேறு

உனக்கு டிசைன் செய்த தம்பி என்ன செய்தான் என்று படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. நிமிர்ந்த எழுத்து ஒன்றை எடுத்து, கோரல் டிராவில் இரண்டு தட்டுத் தட்டி, மேல் கைப்பிடியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்திருக்கிறான். நானும் வருஷக்கணக்காக அதைத்தான் செய்தேன். வேர்டில் கன்ட்ரோல் ஐ அழுத்துவதும், அந்த எழுத்துக்குச் சாய்வு வடிவம் தனியாக இல்லாவிட்டால், அதே வேலைதான். பிரவுசர்களும் அப்படித்தான், சாய்வு இல்லாத எழுத்தைச் சாய்க்கச் சொன்னால் 14 டிகிரி என்று ஒரு கணக்கு இணையப் பக்கங்களின் விதியிலேயே இருக்கிறது.

இழுத்தால் என்ன கெட்டுப்போகும்? ஒரே தடிமனுள்ள வளையலை நினைத்துக்கொள். அதன் அடியை அழுத்திப் பிடித்து மேல்பக்கத்தை வலது புறம் தள்ளுகிறாய். வட்டம் நீள்வட்டமாகும், அது கண்ணுக்குத் தெரியும். கூடவே வலது மேல் மூலையும் இடது கீழ் மூலையும் தடித்துப்போகும், இடது மேலும் வலது கீழும் இளைத்துப்போகும். ஆங்கில ஓ என்ற எழுத்தில் இதுதான் நடக்கிறது. எஸ்ஸின் நடு வயிறு பருத்துவிடும். இசட்டின் குறுக்குக் கோடு மெலிந்துவிடும். ஏ என்ற எழுத்தின் இடது கால் படுத்துவிடும், வலது கால் குச்சி மாதிரி நிமிர்ந்துவிடும். மெல்லிய எழுத்தில் இது அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது. தடித்த எழுத்தில் ஒவ்வொரு கோணலும் கொழுத்துத் தெரியும். அதனால்தான் தடித்த சாய்வைச் சரியாகச் செய்வது கஷ்டம்.

சரியான சாய்வெழுத்தில் வரைகிறவர் சாய்த்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வளைவையும் திரும்ப இழைத்திருப்பார். பருத்ததைச் செதுக்கி, இளைத்ததைத் தேற்றி, வட்டத்தின் சாய்ந்த வயிற்றை உள்ளே தள்ளி. சிலர் உருவத்தையே மாற்றுவார்கள். கில் சான்ஸின் சாய்வில் சின்ன ஏ இரண்டு மாடி வீடாக இருந்தது ஒரு மாடியாகிவிடும். ஹெல்வெட்டிகா மாதிரிக் குடும்பங்களில் உருவம் அப்படியே இருக்கும், சாய்வு 12 டிகிரி, வளைவுகள் மட்டும் திருத்தப்பட்டிருக்கும். அட்ரியன் ஃப்ரூட்டிகர் தன் யூனிவர்ஸ் குடும்பம் 1957-இல் வெளிவந்தபோது உறுப்பினர்களுக்குப் பெயருக்குப் பதில் எண் வைத்தார். 55 சாதா, 56 அதன் சாய்வு. 65 தடித்தது, 66 தடித்த சாய்வு. எனக்கு அந்த 66 ரொம்பப் பிடிக்கும். தடித்த சாய்வு என்பது தடித்த எழுத்தின் மேல் ஏற்றுகிற வேஷமில்லை, வீட்டில் தனி ரேஷன் கார்டு உள்ள ஆள் என்று அந்த எண்ணே சொல்கிறது.

நீ செய்யவேண்டியது சுலபம். எழுத்துக் கோப்புறையைத் திறந்து பார். போல்ட் இத்தாலிக் என்றோ போல்ட் ஒப்ளீக் என்றோ தனிக் கோப்பு இருந்தால் அது வரைந்தது. இல்லையென்றால் கம்ப்யூட்டர் உனக்காக இழுக்கப்போகிறது. தடிமனும் அப்படியே: போல்ட் கோப்பு இல்லாத எழுத்தில் கன்ட்ரோல் பி அழுத்தினால், சுற்றிலும் பட்டை கட்டி ஊதிவிடும், உள்ளே இருக்கிற வெள்ளை அடைத்துப்போகும்.

ஆங்கிலப் பெயருக்கு நல்ல தடித்த சாய்வு இலவசமாகவே கிடைக்கிறது. கூகிள் ஃபான்ட்ஸில் மான்ட்செராட், பாப்பின்ஸ், பார்லோ, கனிட் எல்லாவற்றுக்கும் வரைந்த போல்ட் இத்தாலிக் உண்டு. பாப்பின்ஸ் நம் நாட்டு இந்தியன் டைப் ஃபவுண்டரி செய்தது. வட்டமானது, சாப்பாட்டுக்கு நன்றாக இருக்கும். கனிட் தாய்லாந்துக்காரர்கள் செய்தது. விளையாட்டுக் குழு பனியன் மாதிரி விறைப்பாக இருக்கும். உனக்குப் பாப்பின்ஸ். இது உத்தரவு இல்லை, ஆனால் கிட்டத்தட்ட உத்தரவு.

தமிழில் என்ன செய்வது

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். ஒரு பார்சல் சர்வீஸுக்குப் போர்டும் பில் புத்தகமும் செய்துகொடுத்தோம். முதலாளிக்கு வேகம் வேண்டும். 'பார்சல் சர்வீஸ்' என்பதைத் தடித்த எழுத்தில் போட்டு 20 டிகிரிக்கு மேல் சாய்த்தேன். திரையில் ஜோராகத்தான் இருந்தது. அந்த இரண்டு சொல்லில் நாலு புள்ளி இருக்கிறது, எண்ணிப் பார். புள்ளி எழுத்தின் தலைக்கு மேலே இருப்பதால், சாய்க்கும்போது எல்லாவற்றையும்விட அதிகதூரம் ஓடுவது அதுதான். ர்-இன் புள்ளி ச-வின் தலையில் போய் உட்கார்ந்தது. ஃபிளெக்ஸ் மேலே ஏறிய பிறகு, கீழே நின்ற லோடுமேன் ஒருவர் "பாரச்ல்" என்று சத்தமாகப் படித்தார். 1,000 பில் புத்தகமும் அடித்து முடித்திருந்தது. அந்த மாசச் சம்பளத்தைப் பற்றி உன்னிடம் அப்போது நான் சொல்லவில்லை.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 12 டிகிரி சாய்த்தால் 1 அடி உயர எழுத்தின் தலை இரண்டரை அங்குலம் வலது பக்கம் நகர்கிறது. 20 டிகிரி என்றால் கிட்டத்தட்ட நாலரை அங்குலம். புள்ளி இன்னும் மேலே, அதனால் இன்னும் தள்ளி. உன் 'சுடச்சுட'வில் நடுவில் இருக்கிற ச்-இன் புள்ளி அப்படித்தான் அடுத்த சு-வின் மேல் போய்விட்டது. பார்க்கிறவர் பழக்கத்தில் சரியாகப் படித்துவிடுவார் என்று நினைக்காதே. புதுப் பெயரைப் பழக்கத்தில் படிக்க முடியாது.

புள்ளியோடு முடியவில்லை. ப, ம, ட மாதிரிக் கட்டம் கட்டமான எழுத்துகள் சாய்ந்தால் சரிகிற பெட்டி மாதிரி ஆகும். ண, ன, ஞ, ஐ மாதிரிச் சுழி உள்ளவை தடித்ததும் கண் அடைத்துவிடும். அதில் சாய்வும் சேர்ந்தால் சுழி நசுங்கி ண-வா ன-வா என்று பட்டிமன்றம் வைக்கவேண்டி வரும். ஆங்கிலத்தில் சாய்வெழுத்துக்கு ஐந்நூறு வருஷப் பழக்கம், படிக்கிறவர் கண்ணுக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. நம் அச்சில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்லத் தடித்த எழுத்து, பெரிய எழுத்து, ஒற்றை மேற்கோள் என்றுதான் பெரும்பாலும் போனோம். சாய்வு நமக்கு அழுத்தம் இல்லை, அலங்காரம்தான்.

ஆனால் சாய்ந்த தமிழே கூடாது என்று சொல்லமாட்டேன். பிரஷ் பிடித்து எழுதிய போர்டு ஆர்டிஸ்டுகள் லாரிக்கும் சினிமா பேனருக்கும் தமிழைச் சாய்த்து எழுதி அசத்தியிருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் சாய்வாகவே எழுதினார்கள், எழுதியதைப் பிடித்து இழுக்கவில்லை. புள்ளியைத் தன் எழுத்தின் மேலேயே, கொஞ்சம் பின்னால் தள்ளி வைப்பார்கள். சுழிக்கு இடம் விட்டுக் கோட்டை அந்த இடத்தில் மட்டும் ஒல்லியாக்குவார்கள். இடம் பத்தாவிட்டால் கொம்பைக் குட்டையாக்குவார்கள். கண்ணால் பார்த்துச் செய்த வேலை.

உனக்கு வழி இரண்டு. முதல் வழி, தமிழை நிமிர்ந்தே விடு, நல்ல தடிமனில். ஏக் டைப் குழுவின் அனேக் தமிழ் எடுத்துப் பார். மெல்லியதிலிருந்து கொட்டை வரைக்கும், ஒடுங்கியதிலிருந்து அகன்றது வரைக்கும் நீயே இழுத்து வைத்துக்கொள்ளலாம். அதே குழுவின் பலூ தம்பி உருண்டு திரண்டு இட்லி மாதிரியே இருக்கும். கட்டுமரம் என்ற நம் சொல்லின் ஆங்கில உருவத்தைப் பெயராகக் கொண்ட கட்டமரான், ஹிந்த் மதுரை, முக்த மலர் இவையும் உண்டு. இந்த ஐந்திலும் சாய்வு கிடையாது என்பதைக் கவனி. எழுத்து செய்கிறவர்களே சாய்க்கவில்லை. ஆங்கிலம் சாய்ந்தும் தமிழ் நிமிர்ந்தும் இருந்தால் பொருந்துமா என்று கேட்பாய். கோட்டின் தடிமன் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பொருந்தும். வேகம் காட்டத் தமிழின் பக்கத்தில் ஒரு சாய்ந்த பட்டையோ ஆவி பறக்கிற கோடோ போடு. அந்தக் கோட்டின் சாய்வும் ஆங்கில எழுத்தின் சாய்வும் ஒரே டிகிரியாக இருக்கட்டும், அது மட்டும் முக்கியம்.

இரண்டாவது வழி, அந்த ஒரு சொல்லை மட்டும் கையால் வரைந்து வாங்கு. ஐந்து எழுத்துதானே. எழுத்து வரையத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, சாய்வு 6 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும் என்று சொல். தமிழுக்கு அதுவே போதும், ஓடுவது தெரியும், விழுவது தெரியாது. வரைந்து வந்ததும் புள்ளியைப் பார், பிறகு சுழியைப் பார், மற்றது எல்லாம் அப்புறம். நான் உன் இடத்தில் இருந்தால் இந்த இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன். காசு கொஞ்சம் கூட ஆகும், ஆனால் அதே எழுத்தை வைத்து எதிர்க்கடைக்காரர் போர்டு போட முடியாது.

எந்த வழியாக இருந்தாலும் தமிழை முதலில் முடிவு செய். டிசைனர்கள் ஆங்கிலப் பெயரை ஜோராகச் செய்துவிட்டுக் கடைசியில் தமிழை அதன் அச்சில் நசுக்கிப் போடுகிறார்கள். போர்டில் தமிழ்தான் முதலில் வரப்போகிறது; தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948 அதைத்தான் சொல்கிறது. தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி 5:3:2 என்ற அளவில். பெரிய இடம் தமிழுக்கு என்று ஆன பிறகு அழகைச் சின்ன இடத்தில் செய்து என்ன பிரயோஜனம்?

ஸ்கூட்டர் பெட்டிக்கு இரண்டு பக்கம் உண்டு

இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். உன் ஸ்கூட்டரின் வலப்பக்கம் நின்று பார், வண்டியின் முன்பக்கம் உன் வலது கைப்பக்கம் இருக்கும். எழுத்தும் வலப்பக்கம் சாய்கிறது, வண்டியும் வலப்பக்கம் போகிறது, அருமை. இப்போது சுற்றிவந்து இடப்பக்கம் நின்று பார். வண்டி இடது பக்கம் போகிறது, எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்னால் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும், எதிர்காற்றில் போகிற குடை மாதிரி. நம் ஊரில் ரோட்டோரம் நிற்கிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த இடப்பக்கத்தைத்தான்.

எழுத்தை இடப்பக்கம் சாய்த்துவிடலாமா என்று யோசிக்காதே, படிக்க வராது. இடப்பக்கத்தில் நிமிர்ந்த தமிழைப் பெரிதாகப் போட்டுவிட்டு ஆங்கிலத்தை விட்டுவிடு. வலப்பக்கத்தில் சாய்ந்தது இருக்கட்டும். பெட்டியின் பின்பக்கம், டிராஃபிக்கில் பின்னால் நிற்கிறவர் படிக்கிற இடம், அங்கே போன் நம்பர்.

எதில் அடிக்கப்போகிறாய்

ஒரே லோகோ எல்லாப் பொருளிலும் ஒரே மாதிரி வராது. பில் மெஷினைச் சொல்கிறேன் கேள். தெர்மல் பேப்பரில் அடிக்கிற அந்தச் சின்ன மெஷினில் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான். நேர்க்கோடு சுத்தமாக வரும், சாய்கோடு படிக்கட்டு மாதிரி வரும். பில்லில் பெயரைச் சாய்க்காமல் போடு, இல்லையென்றால் பேப்பர் அகலம் முழுக்க வருகிற அளவுக்குப் பெரிதாகப் போடு. ஏப்ரனில் எம்பிராய்டரி போட்டால் தடிமன் நல்லது, ஆனால் சின்னச் சுழிகள் நூலில் அடைத்துவிடும். ஸ்டிக்கர் கட்டிங்கில் சாய்ந்த எழுத்தின் கூர் முனைகள் வெயிலில் முதலில் உரிந்து வரும்; முனையைக் கொஞ்சம் மழுக்கிவிடச் சொல்.

போர்டு உயரத்துக்குப் போர்டுக்காரர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள், 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து. உன் கடை எதிர்ச் சாரியிலிருந்து 40 அடி என்றால் குறைந்தது 4 அங்குலம். சாய்வெழுத்துக்கும் சுழி உள்ள தமிழுக்கும் நான் அதில் பாதியைக் கூடச் சேர்த்துக்கொள்வேன். அகலத்திலும் இடம் விடு. தலை நகர்கிற அந்த இரண்டரை அங்குலக் கணக்கை மறந்து ஃப்ரேம் அடித்துவிட்டுக் கடைசி எழுத்து விளிம்பில் முட்டி நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாட்ஸப் வட்டத்துக்குள் வைக்கும்போது சாஃப்ட்வேர் சொல்கிற நடுவை நம்பாதே. சாய்ந்த சொல்லின் இடது மேல் மூலையும் வலது கீழ் மூலையும் காலியாக இருக்கும், அதனால் நடுவில் வைத்தாலும் ஒருக்களித்த மாதிரித் தோன்றும். கண்ணுக்குச் சரியாகும் வரை நகர்த்து.

கோப்பு, உரிமம், பதிவு

டிசைன் முடிந்ததும் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதே. எழுத்தைக் கர்வ்ஸாக மாற்றிய வெக்டர் கோப்பு வேண்டும் என்று கேள். கோரலில் கன்ட்ரோல் க்யூ, ஒரு நொடி வேலை. அது இல்லாமல் கோப்பை ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினால், அங்கே அந்த எழுத்து இல்லாவிட்டால் வேறு ஏதாவது வந்து உட்காரும். தமிழில் இது இன்னும் மோசம். டிடிபி கடைகளில் உள்ள கவர்ச்சியான பழைய தமிழ் எழுத்துகள் பல பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தைய முறையில் செய்தவை. எழுத்து இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் உன் கடைப் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். 2010-இல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பழசுகள் கடைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்தது உரிமம். இணையத்தில் இறக்குகிற எழுத்துகளில் "சொந்த உபயோகத்துக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். கடைப் போர்டு சொந்த உபயோகம் ஆகாது. கூகிள் ஃபான்ட்ஸில் பெரும்பாலானவை ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருகின்றன. லோகோவுக்கும் பாக்கெட்டுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற எழுத்துக்கு அச்சு, இணையம், ஆப் என்று தனித்தனி உரிமம் இருக்கும், பில்லைப் பத்திரமாக வை.

டிரேட்மார்க் பதிவில் பெயரைச் சொல்லாக ஒருமுறை பதிவு செய், அதுதான் முதலில். சொல்லாகப் பதிந்தால் நாளைக்கு நீ எழுத்தை நிமிர்த்தினாலும் பெயர் உன்னுடையது. உருவமாக மட்டும் பதிந்தால் அந்தச் சாய்ந்த உருவத்தோடு கட்டுப்பட்டுவிடுவாய். தனி ஆளாக ஆன்லைனில் பதிந்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம், 10 வருஷம் செல்லும். ஒரு விஷயம், 'சுடச்சுட' மாதிரிப் பொருளையே வர்ணிக்கிற சொல்லுக்குப் பதிவு கிடைப்பது கஷ்டம். உன் பெயர் அப்படி இல்லை, நல்லவேளை. அது அம்மாச்சி ஊர்ப் பெயரிலிருந்து வந்தது.

இதெல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு வேலை. கருப்பு வெள்ளையில் ஒரு ஏ4 தாளில் அடித்து, எதிர்ச் சுவரில் ஒட்டி, அம்மாவைக் கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல். பெயர் என்ன என்று முன்னாலேயே சொல்லிவிடாதே. அவர் ஒரே மூச்சில் படித்தால் போர்டுக்காரருக்குப் போன் போடு. எங்கேயாவது நின்று கண்ணைச் சுருக்கினால், எந்த எழுத்தில் நின்றார் என்று குறித்துக்கொண்டு எனக்கு அனுப்பு. நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன், பழைய லாரி போர்டு ஆர்டிஸ்ட் ஒருவரையும் கூட்டிவரப் பார்க்கிறேன். அதுவரை பெட்டியின் இடப்பக்கத்தில் எதையும் ஒட்டாதே.